ரொட்டிக்கு மாற்று: கோதுமை விலக்கும் மாவுச்சத்துக் குறைப்பும்

சென்ற மாதம் முத்துப்பேட்டைப் பகுதிச் சங்கமொன்றில் அங்கத்தினர் கல்வி வகுப்பு நடைபெற்றது. கடன் தவணையைப் பற்றியும் பயிர்க் காப்பீட்டைப் பற்றியும் பேசி முடித்தபின், "வேறு ஏதேனும் ஐயம் உண்டா?" என்று வினவினேன். பின் வரிசையிலிருந்து ஓர் அம்மையார் எழுந்தார். "ஐயா, எங்கள் வீட்டில் இருவருக்குப் பத்தியம். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. பேத்திக்குக் கோதுமையே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையில் கோதுமையில்லாத ரொட்டி என்று விற்கிறார்கள். அதையே இருவருக்கும் கொடுத்துவிடலாமா?" என்று கேட்டார்.

கூட்டுறவு வகுப்பில் சமையல் கேள்வியா என்று சிலர் நகைத்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை. அதே பிழையை என் இல்லத்தில் நானே செய்தவன் ஆதலால், அம்மையாருக்கு அன்று அவசரமாகச் சொன்ன விடையை இங்கே விரிவாக எழுதத் துணிந்தேன். நான் மருத்துவன் அல்லன். கணக்குப் பார்ப்பதே என் உத்தியோகம். எனினும் உணவு விஷயமும் ஒரு வகையில் கணக்கே என்பதை இப்பாடத்தின் முடிவில் அங்கத்தினர்கள் ஒப்புக்கொள்வார்கள் என நம்புகிறேன்.

1. நான் செய்த பிழை

என் அன்னையார் பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை உட்கொண்டு வருபவர். காலையில் ரொட்டி உண்ணும் பழக்கம் உடையவர். ரொட்டியை விடச் சொன்னால் வருந்துவாரே என்று எண்ணி, நகரத்துக் கடையொன்றில் "கோதுமை அற்றது" என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட மாவுப் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்தேன். அரிசி விலையைப்போல் அது பன்மடங்கு. விலை மிகுந்தால் குணமும் மிகும் என்பது படித்தவர்களுக்கும் உள்ள மயக்கம்.

"இது எனக்கு ஒத்துக்கொள்ளுமா, தம்பி?" என்று அன்னையார் கேட்டார். "தாராளமாக உண்ணலாம், அம்மா" என்றேன். உண்ட இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளக்கும் கருவியில் பார்த்தபோது, வழக்கமாக இட்லி உண்டபின் காட்டும் அளவைவிட 50 எண் கூடியிருந்தது. அதன் பின்னரே பொட்டலத்தின் பின்புறத்துச் சிறிய எழுத்துக்களைப் படித்தேன். அரிசி மாவு, மரவள்ளி மாவு, உருளைக்கிழங்கு மாவு என்று வரிசையாக இருந்தது. கோதுமை இல்லை என்பது மெய்யே. ஆனால் பொட்டலம் முழுவதும் மாவுச்சத்து! சங்கங்களின் பேரேட்டில் ஒவ்வொரு வரியையும் ஒத்துப் பார்க்கும் நான், என் தாயார் உண்ணும் பொருளின் பட்டியலைப் பாராமல் விட்டேன்.

2. இரு நோய்கள், இரு விலக்குகள்

கோதுமை, வாற்கோதுமை, ரை என்னும் தானியங்களில் குளூட்டன் என்ற பசைப் புரதம் இருக்கிறது. பரோட்டா மாவு இழுத்தால் நீள்வதும், ரொட்டி பொங்கி எழுந்து பஞ்சுபோல் நிற்பதும் இப்புரதத்தினால்தான். பெரும்பாலோருக்கு இதனால் தீங்கில்லை. சீலியாக் நோய் உடையவர்களுக்கு மட்டும் இப்புரதம் சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கிறது. நீடித்த வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, உடல் மெலிவு, குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு ஆகியவை அதன் அறிகுறிகள்.

கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியவர் நெதர்லாந்து தேசத்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. அவருக்கு இவ்வையம் முன்பே உண்டு. 1944-45 குளிர்காலத்தில் அந்நாட்டில் கடும் பஞ்சம் ஏற்பட்டு ரொட்டி கிடைக்காமற் போயிற்று. ஊரே பட்டினியில் வாட, இந்நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறினர். ரொட்டி திரும்ப வந்ததும் மீண்டும் நலிந்தனர். 1950-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை அவர் ஆய்வேடாக வெளியிட்டார்.

நம் நாட்டில் இந்நோய் கோதுமை உண்ணும் வடபகுதியில் மிகுதி. 2016-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி வடக்கே நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று அதிகமாகவும், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவிலும் இது காணப்பட்டது. அரிதாயினும் உள்ளவருக்கு வாழ்நாள் முழுவதும் கோதுமை விலக்கு ஒன்றே வழி.

நீரிழிவு வேறு வகை. அங்கே பகைவன் எந்தத் தானியத்தின் புரதமும் அன்று. ஒரு வேளைக்கு உள்ளே செல்லும் மாவுச்சத்தின் மொத்த அளவும், அது இரத்தத்தில் சேரும் வேகமுமே. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவுடையோர் தொகை 10 கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டது. அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2025-இல் வெளியான அறிக்கை, இந்தியர் உணவிலிருந்து பெறும் எரிசக்தியில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று கூறியது.

ஆகவே அம்மையாரின் பேத்திக்கு விலக்க வேண்டியது கோதுமை. கணவருக்குக் குறைக்க வேண்டியது மாவுச்சத்து. பேத்திக்கு நன்மை செய்யும் அரிசி, கணவருக்கு அளவுடன் கொடுக்க வேண்டிய பண்டம். கணவருக்குப் பொருந்தும் சிறிதளவு கோதுமைத் தவிடு, பேத்திக்கு நஞ்சு. ஒரே பொட்டலத்தால் இரு கணக்கையும் தீர்க்க இயலாது.

3. நூறு கிராமின் ஐந்தொகை

ஐதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் நம் நாட்டு உணவுப் பண்டங்களின் சத்துக்களை அளந்து பட்டியலிட்டிருக்கிறது. அதன் பழைய பட்டியலிலிருந்து முழு எண்ணாக்கிச் சில வரிகளைத் தருகிறேன். யாவும் சமைக்காத பொருள் 100 கிராமுக்கு உரியவை.

பச்சரிசி: மாவுச்சத்து 78 கிராம், புரதம் 7.
மைதா: மாவுச்சத்து 74, புரதம் 11.
கோதுமை மாவு: மாவுச்சத்து 69, புரதம் 12.
கேழ்வரகு: மாவுச்சத்து 72, புரதம் 7.
கம்பு: மாவுச்சத்து 67, புரதம் 12.
வரகு: மாவுச்சத்து 66, புரதம் 8.
உளுத்தம்பருப்பு: மாவுச்சத்து 60, புரதம் 24.
பச்சைப்பயறு: மாவுச்சத்து 57, புரதம் 24.
நிலக்கடலை: மாவுச்சத்து 26, புரதம் 25.
எள்: மாவுச்சத்து 25, புரதம் 18.
தேங்காய்: மாவுச்சத்து 13, புரதம் 4 முதல் 5.

முட்டையில் மாவுச்சத்து இல்லை எனலாம், புரதம் 13.

இப்பட்டியலைக் கூர்ந்து நோக்குவோர்க்கு மூன்று உண்மைகள் விளங்கும். முதலாவது, அரிசி, கம்பு, கேழ்வரகு, வரகு ஆகிய எல்லாம் குளூட்டன் அற்றவை; ஆயினும் மாவுச்சத்தில் கோதுமைக்கு இளைத்தவை அல்ல. சிறுதானியம் என்ற பெயரைக் கேட்டதும் வயிறு நிறைய உண்ணலாம் என்று கருதும் நீரிழிவுடையோர் ஏமாறுவர். இரண்டாவது, பயறும் உளுந்தும் மாவுச்சத்தில் ஓரளவே குறைந்தவை. ஆனால் புரதம் அரிசியைப்போல் மூன்று மடங்குக்கு மேல். நாரும் மிகுந்திருப்பதால் சர்க்கரை மெல்ல ஏறுகிறது. பசியும் நெடுநேரம் தாங்குகிறது. மூன்றாவது, மாவுச்சத்து உண்மையிலேயே குறைந்த ரொட்டி வேண்டுமாயின் தேங்காய், எள், கடலை, முட்டை ஆகியவற்றையே நாட வேண்டும்.

4. நம் மண்ணிலேயே உள்ள முதல்

ரொட்டி நம் வட்டாரத்துக்குப் பிந்தி வந்த விருந்தாளி. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அந்நாட்டு அரிசி நின்றது. பங்கீட்டுக் கடையில் கோதுமை தலைகாட்டியது. 1956-க்குப் பின் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. இன்று முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் பரோட்டாக் கல்லும், பன்னும், வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியோர் பழகி வந்த குபூஸும் சாதாரணமாகிவிட்டன. ஆனால் கோதுமையின் உதவியின்றி மாவைப் பொங்க வைக்கும் கலையை நம் பாட்டிமார் என்றோ அறிந்திருந்தனர். இட்லியை நினைத்துப் பாருங்கள். உளுந்தின் வழவழப்பு, மாவு புளிக்கும்போது எழும் காற்றைப் பிடித்து வைக்கிறது. கோதுமையில் குளூட்டன் செய்யும் வேலையை இங்கே உளுந்து செய்கிறது.

அவ்வுளுந்து நம் வயலின் விளைச்சல். சம்பா அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்கள் முன்பாக, மெழுகுபோல் ஈரமுள்ள மண்ணில், நிற்கும் நெல்லுக்கிடையே உளுந்தோ பயறோ தெளிப்பது டெல்டாவின் வழக்கம். தனியே உழவில்லை, பாய்ச்சலும் இல்லை. எஞ்சிய ஈரமும் தைப் பனியும் அதை வளர்க்கின்றன. அறுவடை இயந்திரம் வந்தபின் அதன் சக்கரத்தில் இளம் பயிர் நசுங்குவது பற்றி உழவர்கள் குறைப்படுவதையும் அறிவேன். அப்படியும் காப்பாற்றி எடுக்கும் உளுந்தைக் களத்திலேயே முழுவதும் விற்றுவிட்டு, சில மாதம் கழித்துப் பருப்பாகக் கூடுதல் விலைக்குக் கடையில் வாங்கும் வீடுகள் பல. ஒரு குடும்பத்தின் ஆண்டுத் தேவைக்கு வேண்டியதை முதலில் எடுத்து வைப்பது சிக்கனத்தின் முதற்படி.

தேங்காயின் கதையும் நாம் அறிந்ததே. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வீசிய கஜா புயல் முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தோப்புக்களைச் சாய்த்தது. அதன் பின் நட்ட கன்றுகள் காய்ப்புக்கு வரும் இக்காலத்தில், தேங்காயை விற்பனைச் சரக்காக மட்டும் கருதாமல் உணவாகவும் கருதுதல் நலம்.

5. செய்முறை

முதல் வகை: பயற்றடை. பச்சைப்பயறு 150 கிராம், உளுத்தம்பருப்பு 50 கிராம் எடுத்து ஐந்து மணி நேரம் ஊறவிடுக. மிளகாய் வற்றல் நான்கு, இஞ்சி ஒரு துண்டு, சீரகம், உப்பு சேர்த்துக் கரகரப்பாக அரைக்கவும். நீர் மிகுந்தால் அடை நொய்ந்துபோகும். தேங்காய்த் துருவல் 50 கிராம், நறுக்கிய சின்ன வெங்காயம், ஒரு கைப்பிடி முருங்கைக் கீரை கலந்து, தோசைக்கல்லில் கனமாகத் தட்டி, நடுவில் துளையிட்டு நல்லெண்ணெய் விட்டு இருபுறமும் வேகவிடவும். எட்டு அடைகள் வரும்.

இதன் கணக்கைப் பார்ப்போம். மூலப் பொருள்களின் மாவுச்சத்து சுமார் 121 கிராம். அடை ஒன்றுக்கு 15. புரதம் ஒன்றுக்கு சுமார் 6. கடை ரொட்டித் துண்டு ஒன்றிலும் மாவுச்சத்து ஏறத்தாழ இதே அளவுதான். அவ்வாறாயின் ஆதாயம் என்ன? ரொட்டித் துண்டில் புரதம் 2 கிராம் சுமார். நாரோ மிகக் குறைவு. நான்கு துண்டு தின்றும் அடங்காத பசி, இரண்டு அடையில் அடங்குகிறது. ஆதாயம் அங்கேதான். மொறுமொறுப்புக்காக அரிசி 50 கிராம் சேர்த்தால், அடை ஒன்றின் மாவுச்சத்து 20 ஆகிவிடும். பேத்திக்குச் சுடும் அடையில் தாராளமாகச் சேர்க்கலாம். தாத்தாவின் அடையில் தவிர்க்கவும்.

இரண்டாம் வகை: தேங்காய்ச் சக்கை ரொட்டி. மீன் குழம்புக்கோ சொதிக்கோ தேங்காய்ப் பால் பிழிந்தபின் நிற்கும் சக்கையை மாட்டுக்கும் கோழிக்கும் போடுகிறோம். 200 கிராம் பருப்புள்ள ஒரு தேங்காயின் சக்கையைத் துணியில் பரப்பி ஒரு மணி நேரம் உலர்த்தி, கையால் உதிர்க்கவும். முட்டை இரண்டு, வறுத்துப் பொடித்த எள் 20 கிராம், சீரகம், உப்பு சேர்த்துப் பிசைந்து கால் மணி நேரம் மூடி வைத்தால் சக்கை ஈரத்தை உறிஞ்சிக் கெட்டிப்படும். நான்கு பங்காக்கி, எண்ணெய் தடவிய வாழையிலையில் தட்டி, கல்லில் கவிழ்த்து, இலையை உரித்துவிட்டு, மூடிபோட்டு மெல்லிய தீயில் வேகவிடவும். அவசரப்பட்டுத் திருப்பினால் உடைந்துவிடும். அடிப்புறம் சிவக்கும் வரை பொறுத்தல் வேண்டும்.

முழுத் தேங்காயின் மாவுச்சத்தையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் மொத்தம் 31 கிராம். ரொட்டி ஒன்றுக்கு 8-க்குள் அடங்கும். பாலோடு ஒரு பகுதி நீங்குவதால் உண்மை அளவு இன்னும் குறைவே. முட்டை உண்ணாதோர் இசப்கோல் உமி இரண்டு தேக்கரண்டி சேர்க்கலாம். அல்லது உளுத்தம்பருப்பு 40 கிராமை ஊறவைத்து அரைத்துச் சேர்க்கலாம். உளுந்து சேர்த்தால் ரொட்டி ஒன்றுக்கு மாவுச்சத்து 6 கிராம் கூடும் என்பதைக் கணக்கில் எழுதிக்கொள்க.

6. கவனிக்க வேண்டியவை

இங்கே என் இரண்டாம் பிழையையும் மறைக்காமல் கூறுகிறேன். தேங்காய் ரொட்டியில் சர்க்கரை ஏறவில்லை என்று கண்ட மகிழ்ச்சியில், அன்னையாரின் காலை உணவு முழுவதையும் அதற்கு மாற்றினேன். மருத்துவரிடம் சொல்லவில்லை. மாத்திரை பழைய அளவிலேயே தொடர்ந்தது. நான்காம் நாள் முற்பகலில் அவருக்குக் கை நடுங்கி, உடல் வியர்த்து, பேச்சுத் தடுமாறியது. இரத்தத்தில் சர்க்கரை அளவு மீறித் தாழ்ந்துவிட்டது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்தார். மருத்துவர் என்னைக் கடிந்துகொண்டு மாத்திரையின் அளவைக் குறைத்தார். வரவைக் குறைத்தவன் செலவையும் குறைக்க வேண்டும் என்ற கணக்கன் பாடம் எனக்கு அன்று எட்டாமற் போயிற்று. மாத்திரையோ இன்சுலினோ எடுப்போர், மருத்துவரைக் கேளாமல் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தல் ஆகாது.

சிறுநீரகக் கோளாறு உடையோர்க்குப் பருப்பின் புரதம் அளவுக்கு உட்பட்டது. தேங்காய் 100 கிராமில் எரிசக்தி 444 கலோரி, அரிசியில் 345. ஆதலால் நாள் முழுதும் தறிக்குழியில் அமர்ந்து நெய்வோர், மாவுச்சத்துக் குறைவுதானே என்று தேங்காய் ரொட்டியைக் கணக்கின்றி உண்டால் உடல் பருக்கும். இருதய நோயுடையோர் தேங்காயின் கொழுப்பைப் பற்றி மருத்துவரைக் கலந்துகொள்க.

பேத்தியைப் போன்றோர்க்கு வேறு எச்சரிக்கைகள் உண்டு. ரவையும் பெரும்பாலான சேமியாவும் கோதுமையே. கூட்டுப் பெருங்காயத்திலும் மைதா கலப்பது வழக்கம். ரசத்தில் இடும் ஒரு சிட்டிகை கூட அக்குழந்தைக்கு ஆகாது. கோதுமை அரைத்த மில்லிலேயே கம்பையும் அரிசியையும் அரைத்தால் மாவில் கோதுமை ஒட்டி வரும். குளூட்டன் அற்றது என்று அச்சிட வேண்டுமாயின், ஒரு கிலோ பண்டத்தில் அது 20 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. மேலும், நோய் உண்டோ என்ற ஐயம் மட்டும் உள்ளவர், பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் பரிசோதனை பொய்த்துப்போகும். முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம்.

7. சங்கம் செய்யக்கூடியது

தனியொரு வீட்டுக்குக் கடினமானது, பத்து வீடு கூடினால் எளிதாகும். வாரத்தில் ஒரு நாள், கழுவி உலர்த்திய அரவைக் கல்லில் முதலாவதாகக் கோதுமையல்லாத பண்டங்களை மட்டும் அரைப்பது என்று ஊர் மில்காரரோடு சங்கத்தார் பேசலாம். கடும் நோயுடையோர்க்கு அதுவும் போதாது. கோதுமை தொடாத சிறிய அரவை இயந்திரம் ஒன்றைச் சிலர் கூடி வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. அறுவடையில் அங்கத்தினரின் உளுந்தையும் பயறையும் வாங்கி, உடைத்து, ஆண்டு முழுவதும் அவர்களுக்கே நியாய விலையில் தரலாம். மகளிர் குழுவினர் அடைமாவு செய்து விற்பதாயின், ஆய்வகச் சோதனையின்றிக் "குளூட்டன் அற்றது" என்று எழுதலாகாது. பொய்க் கணக்கு சங்கத்தைக் கெடுக்கும். பொய்ப் பட்டியல் உடலைக் கெடுக்கும்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்க வேண்டுகிறேன். மூன்று நாள் பழைய உணவு, மூன்று நாள் புதிய உணவு. உண்டு இரண்டு மணி நேரம் கழித்துக் காணும் சர்க்கரை அளவைத் தேதியுடன் எழுதி மருத்துவரிடம் காட்டுக. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் அதைக் காட்டலாம். என் அன்னையாரின் நோட்டுப் புத்தகம் இப்போது என் தணிக்கைக் குறிப்பேட்டைவிட ஒழுங்காக இருக்கிறது. இந்நாட்களில் அவருக்குக் காலையில் ஒரு பயற்றடை, ஒரு தேங்காய் ரொட்டி, கீரைக் கூட்டு.

அம்மையாருக்கு என் விடை இதுவே: பேத்திக்கு இட்லியும் இடியாப்பமும் கம்பங்கூழும் போதும்; நெல் விளையும் நாட்டில் பிறந்தது அக்குழந்தையின் பேறு. தங்கள் கணவருக்கு அளந்த அடை. மாற்றத்துக்கு முன் மருத்துவரிடம் ஒரு சொல். கடைப் பொட்டலம் இருவருக்கும் வேண்டுவதில்லை.

வகுப்பில் விவாதிக்க வினாக்கள்

1. கேழ்வரகு ரொட்டி சீலியாக் நோயுடையோர்க்கு ஏற்றதா? நீரிழிவுடையோர் அதை அளவின்றி உண்ணலாமா? காரணம் கூறுக.

2. உங்கள் வீட்டுக் காலை உணவின் மூலப் பொருள்களை நிறுத்து, ஒருவருக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து என்று கணக்கிடுக.

3. மாத்திரை உட்கொள்பவர் உணவை மாற்றுமுன் செய்ய வேண்டியது யாது?

4. சென்ற அறுவடையில் உங்கள் வீட்டில் விற்ற உளுந்து எவ்வளவு? பின்னர் விலைக்கு வாங்கிய பருப்பு எவ்வளவு? இரண்டின் விலை வேறுபாட்டை எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வருக.